திரையில் பிழையில்லை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொடிசு எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் சரியில்லை. உன் மருமகனை வேலைக்கு எடுக்கவில்லை.

எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டிவிட்டான். கடைசியில் கண் டாக்டர் புள்ளி புள்ளியாக இருக்கும் அட்டைகளைக் காட்டி, உள்ளே இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பாதி அட்டைகளில் எண் இருப்பதே இவனுக்குத் தெரியவில்லை. "சிவப்பும் பச்சையும் உனக்குச் சரியாப் பிரியலப்பா. இஞ்சின்ல உன்னை ஏத்த முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நடை பழகிய நாளிலிருந்து தாத்தா மாதிரி ரயில் ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

அப்பாவுக்கு அதிர்ச்சி அவனைவிட அதிகம். "ரிட்டயராகற வரைக்கும் அந்த அட்டையை நான் ஒரு தடவைகூடத் தப்பாப் படிச்சதில்லையே. இவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு வீட்டையே இரண்டாக்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, இப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களை வைத்து உன் ஆய்வகத்தில் ஏதோ சோதனை செய்கிறீர்கள் என்று. என்னையும் சேர்த்துக்கொள் என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று இழுத்தாய். எதற்கு இழுவை? தங்கைக்குச் சலுகையா கேட்டேன்? என் பிள்ளைக்கு இனி பலனில்லைதான். சும்மா உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடிதத்தில் எழுது. போனில் சொன்னால் அப்பா நடுவில் பேசுவார். நாள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்குக் காகிதத்தில் இருந்தால்தான் மண்டையில் ஏறும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

பொடிசு


பிப்ரவரி 3

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகனிடம் மாமா ரொம்ப வருத்தப்பட்டதாகச் சொல். அவன் ஒன்றும் குருடனில்லை. உலகம் அவனுக்குக் கொஞ்சம் வேறு நிறத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீ இவ்வளவு சொன்ன பிறகு மறுக்க மனமில்லை. பெட்டி புறப்பட்டுவிட்டது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு திரை, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று. மீட்டர் உள்ளங்கைக்குள் அடங்கும். பார்த்தால் வால் முளைத்த வட்டச் சோப்பு மாதிரி இருக்கும், பயப்படாதே.

அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில். இந்தக் குறை அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது. பையனுக்கு அம்மா பக்கத்தில் இருந்து வந்தாலே போதும், பார்வை மாறிவிடும். பெண்ணுக்கு அப்படி இல்லை. அம்மா, அப்பா இரண்டு பக்கமும் வர வேண்டும், அதாவது அப்பாவுக்கே அந்தக் குறை இருக்க வேண்டும். அதனால்தான் பெண்களில் அது அபூர்வம். உன்னைப் போன்ற அம்மாக்கள் அதைச் சுமந்து கொடுப்பவர்கள் மட்டும்தான், உங்கள் பார்வை சரியாகவே இருக்கும். ரொம்ப நுணுக்கமாகச் சோதித்தால் ஏதாவது சின்ன வித்தியாசம் பிடிபடுகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு.

நுணுக்கமாகச் சோதிக்க வேண்டுமென்றால் திரை சொன்ன சொல் கேட்க வேண்டும். கடையில் வாங்கும் எந்தத் திரையும் கேட்காது. பாதி வெளிச்சம் கொடு என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் படிப்படியாக ஏற்றி, எந்தப் படியில் உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று மீட்டரால் அளந்து, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சிவப்பும் பச்சையும் ஒரே வெளிச்சத்தில் நிற்காது. நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்கூட எது பளிச்சென்று இருக்கிறது என்பதை வைத்து விடையைச் சொல்லிவிடுவார்கள். சோதனையே வீண்.

அறையை இருட்டாக்கு. திரையைப் போட்டு அரை மணி நேரமாவது சூடாக விடு. அறை வெளிச்சத்துக்கு ஏற்ப அதுவாகவே மங்குவது, மின்சாரம் மிச்சம் பிடிப்பது என்று அதற்குச் சில கெட்ட பழக்கங்கள் உண்டு. எல்லாவற்றையும் நான் அணைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன், நீயும் ஒருமுறை பார்த்துக்கொள். மீட்டரைத் திரையின் நடுவில் ஒட்டினாற்போல் தொங்கவிடு. இடுக்கு இருந்தால் வெளிச்சம் உள்ளே நுழைந்துவிடும். அப்புறம் பொத்தானை அமுக்கிவிட்டு நகர்ந்துவிடு. அது முடிந்த பிறகு சோதனை. வாரம் ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும், திரை நாளாக ஆக மாறும்.

அப்பாவின் மாத்திரைகள் ஒழுங்காகப் போகின்றனவா? நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வால் முளைத்த சோப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. பின்னறையைக் காலி செய்து, ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, கதவிடுக்கில் பழைய போர்வையைச் சொருகி வைத்திருக்கிறேன். இவர் ஆபீஸிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, பேய் ஓட்டப் போறியா? சொல்லியிருந்தா நானும் வேப்பிலையோட வந்திருப்பேனே" என்றார். உங்கள் மாப்பிள்ளைக்கு எல்லாமே கிண்டல்தான்.

முதல் நாள் மீட்டர் நழுவி நழுவி விழுந்தது. திரையின் பின்பக்கம் எடைக்கட்டி தொங்க வேண்டும் என்று படத்தில் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். திரை முழுக்கக் கறுப்பு, பிறகு கறுப்பிலிருந்து கொஞ்சம் வெளுத்த கறுப்பு, இன்னும் கொஞ்சம் வெளுத்தது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாம்பல் நிறத்துக்குள் இத்தனை படிகளா! அச்சகத்தில் எங்களுக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டுதான். முடிந்ததும் வரைபடம் ஒன்று வந்தது. நீ சொன்னபடி கோடு முதலில் சோம்பேறியாகப் படுத்துக் கிடந்து கடைசியில் விறுக்கென்று எழுந்தது. திருத்திய பிறகு நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. ஒரு பக்கம் பிழையே இல்லாமல் அச்சாகி வந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம் சோதனை. புள்ளிக் கூட்டத்துக்குள் வாய் திறந்த வளையம், வாய் எந்தப் பக்கம் என்று அம்புக்குறியை அமுக்க வேண்டும். ஆரம்பத்தில் சுலபம். போகப் போக நிறைய இடங்களில் எனக்கு வளையமே தெரியவில்லை, குத்துமதிப்பாக அமுக்கினேன். அவ்வளவு நுணுக்கமாக வைத்திருக்கிறீர்கள் போல. விடைகளை அனுப்பிவிட்டேன். என் மதிப்பெண் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்பா நன்றாக இருக்கிறார். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் துப்புகிற வித்தை கற்றிருக்கிறார். நான் அதற்கும் மேல்.

பொடிசு


மார்ச் 21

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பாவைச் சமாளிக்க உன்னைவிட்டால் ஆள் கிடையாது.

உன் விடைகளைப் பார்த்தேன். அளவில் ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது. திரை சூடாகும் முன்பே அளந்துவிட்டாயோ, மீட்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. முதல் தடவையில் எல்லோருக்கும் நடப்பதுதான், மனசில் வைத்துக்கொள்ளாதே. எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு முறை செய். கறுப்புத் துணியையும் இரட்டையாக மடித்துப் போடு.

மதிப்பெண் எல்லாம் அப்புறம். தப்பான திரையில் எடுத்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிழை திருத்துகிறவளிடமே பிழை என்கிறாயா என்று முதலில் சுருக்கென்றது. அப்புறம், தெரிந்தவன் சொல்கிறான், கேட்போம் என்று மறுபடி உட்கார்ந்தேன். துணி இரட்டை. திரை ஒரு மணி நேரம் சூடானது. உன் மருமகன் பக்கத்தில் நின்று மீட்டர் ஒட்டியிருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்தான். கோடு போன தடவை வந்த அதே நேர்க்கோடுதான், மயிரிழை பிசகவில்லை. சோதனையும் அதே மாதிரி. வளையம் தெரியாத இடங்களில் தெரியவே இல்லை.

திரையில்தான் கோளாறோ என்று இவரைப் பிடித்து உட்கார வைத்தேன். மனுஷன் டீயைக் குடித்துக்கொண்டே சரசரவென்று முடித்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று எழுந்து போய்விட்டார். அடுத்து உன் மருமகன் உட்கார்ந்தான். நான் விட்ட இடங்களிலெல்லாம் அவனும் விட்டான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீயும் என் கட்சிதான்! இத்தனை நாளா வெளியில சொல்லாம இருந்திருக்க!" என்று சிரித்தான் பார், வேலை கிடைக்காமல் போனதிலிருந்து அவன் சிரித்து நான் கேட்டது அன்றுதான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். காயா, பழமா என்று கடையில் நான் எப்போதும் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று ஞாபகப்படுத்தி இவரும் சேர்ந்துகொண்டார்.

ஆனால் நீதான் எழுதியிருக்கிறாயே, பெண்ணுக்கு இருந்தால் அப்பாவுக்கும் இருக்க வேண்டும் என்று. அப்பா அட்டை படித்து ரயில் ஓட்டியவர். அப்படியென்றால் நான் அளந்ததில்தான் எங்கேயோ தப்பு. எங்கே என்றுதான் புரியவில்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் அண்ணா. இது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பொடிசு


மே 5

அன்புள்ள பொடிசுக்கு,

இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வார்கள்? நீ கவனமாகத்தான் செய்திருப்பாய். மீட்டரே பழுதாக இருக்கலாம், பழைய மீட்டர்தான். மாப்பிள்ளைக்கு நன்றாக வந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இனி அளக்க வேண்டாம், சோதனையும் வேண்டாம். விட்டுவிடு.

எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மற்ற வீடுகளில் கொடுத்த பெட்டிகளை வாங்க அந்தப் பக்கம் வருகிறாள். உன் வீட்டுக்கும் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு நிறைய வீடுகள், எப்போதும் அவசரம். உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்காதே, பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிடு.

அப்பாவிடம் இந்தச் சோதனைபற்றி ஒன்றும் சொல்லிக் குழப்பாதே. வயசானவர்.

அன்புடன்,
அண்ணன்


மே 29

அண்ணா,

உன் ஆய்வகத்துப் பெண் வந்துபோனாள். நீ சொன்னாற்போல அவசரமாக இல்லை. மழைக்கு ஒதுங்கின மாதிரி வந்து, கால் கழுவி, டீ குடித்து, பின்னறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எந்த வீட்லயும் இப்படி இருட்டாக்கி நான் பார்த்ததில்ல. நிறையப் பேர் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு அளந்திருக்காங்க" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "மீட்டர் பழுதுன்னு அண்ணன் எழுதியிருந்தான். எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க" என்றேன். அவள் கொண்டுவந்திருந்த பெரிய மீட்டரை எடுத்து முக்காலியில் வைத்து, திரையைச் சூடாக்கி, என் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "மீட்டரும் நல்லா இருக்கு, திரையும் நல்லா இருக்கு. நீங்க ரொம்பச் சுத்தமா அளந்திருக்கீங்க. உங்க முதல் சோதனையே சரின்னு மார்ச் மாசமே கணக்குல சேர்த்துட்டோமே. அண்ணன் சொல்லலையா?"

"அப்ப எனக்கும் அந்தக் குறை இருக்கா?"

"ஆமாங்க. ஆச்சரியப்படற அளவுக்குச் சுத்தமா."

"எப்படிங்க? எங்க அப்பாவுக்கு இல்லையே."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை, தயங்கவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறோம் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். "நீங்க தத்து வந்தவங்கங்கறதால அந்தக் கேள்வியே வரலைங்க. வம்ச வரைபடத்துல உங்களுக்கு மேல கேள்விக்குறி போட்டு விட்டிருக்கோம். உங்க அண்ணன்தான் போடச் சொன்னார்."

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, உங்களுக்கு... மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாதுங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான்தான் அவளைத் தேற்றி, பெட்டியைக் கட்டிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

இதுவரைக்கும் நடந்ததோடு நிறுத்தி உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதியிருப்பேன். வளர்த்தவர்கள் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருப்பார்கள், இவன் என்ன செய்வான் என்று உனக்காக நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எல்லோருமாகச் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள், போகட்டும் என்றுதான் அப்பாவிடம் போனேன்.

அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நான் யார் பொண்ணு?" என்று கேட்டேன்.

அவர் ரேடியோவை அணைத்தார். பதறவில்லை. ரொம்ப நாள் காத்திருந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "இப்பவாவது கேட்டியேம்மா. அதைப்பத்தி யாரும் வாயே திறக்கக் கூடாதுன்னு நீ சொல்லிட்டதால நாங்களும் பேசலை."

"நானா? யார்கிட்டச் சொன்னேன்?"

"அண்ணன்கிட்டதான். உன் கல்யாணத்துக்கு முன்னாடி. எனக்கு உன்கிட்டச் சொல்ல வாய் வரலை. பொண்ணுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணி அனுப்பறது தப்பு, நீ பக்குவமாச் சொல்லுடான்னு அவன்கிட்டச் சொன்னேன். மறுநாள் வந்து, 'சொல்லிட்டேன்பா. ரொம்ப அழுதா. இனிமே அதைப்பத்தி நீங்க யாரும் அவகிட்டப் பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. மாப்பிள்ளைகிட்ட அவளே சொல்லிக்குவாளாம்'னு சொன்னான்."

அண்ணா, நீ என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க என்னைக் கேலி செய்துகொண்டு, பந்தலுக்கு நாற்காலி எண்ணிக்கொண்டு திரிந்தாய்.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. "அவன் கண்ணு கலங்கிச் சொன்னானேம்மா" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அம்மா நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் என்னைப் பெற்றவள் என்னைப் பெற்றதோடு கண்ணை மூடிவிட்டாள் என்பதும், தேடி யாரும் வரவில்லை என்பதும், உனக்கு அப்போது ஏழு வயசு, என்னை மடியில் வாங்கிக்கொண்டு "இவ்ளோ பொடிசா இருக்கா" என்று சொன்னது நீதான் என்பதும், அப்புறம் மாற்றலாகி வேறு ஊர் வந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும்.

அம்மா கடைசி நாட்களில் ஒருநாள் என் கன்னத்தைத் தடவி, "எல்லாம் தெரிஞ்சும் எங்களை விட்டுப் போகலையேம்மா நீ" என்றாள். நோயின் கஷ்டத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, "நான் எங்கேம்மா போவேன், பேசாம தூங்கு" என்றேன். அவள் கேட்டது வேறு. நான் சொன்ன பதில் வேறு. அவளை மறுபடி எழுப்பி நான் இப்போது எதைச் சொல்வது? அவள் காலைக் கட்டிக்கொண்டு அழக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இத்தனை வருஷமும் இவர்கள் இரண்டு பேரும், 'அவளுக்குத் தெரியும், ஆனால் நம்மோடு அதைப் பேசப் பிடிக்கவில்லை' என்று நினைத்துக்கொண்டு என் எதிரில் வாய்மூடி இருந்திருக்கிறார்கள். நான் முகம் வாடி இருந்த நாளெல்லாம் அதுதான் காரணம் என்று நினைத்திருப்பார்கள்.

ஏன் அண்ணா? அண்ணிக்குத் தெரியுமா? உன் ஆய்வகத்தில் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்?

போன் செய்யாதே. எடுக்க மாட்டேன். எழுது.


ஜூன் 20

அன்புள்ள பொடிசுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல காகிதங்களைக் கிழித்தாகிவிட்டது.

நீ கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். அண்ணிக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் சொன்னேன். ஆய்வகத்தில் எங்கள் குழுவுக்குத் தெரியும். உன்னைத் தத்து வந்தவள் என்று குறிக்காவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். எண்களில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அதே சமயம் உன் விடை இதுதான் என்று சொன்னால் நீ அப்பாவைப்பற்றிக் கேட்பாய் என்றும் தெரியும். அதனால் பழியைத் திரையின் மேல் போட்டேன். நீ சலித்துப்போய் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன்.

அப்பா சொல்லச் சொன்ன அன்று உன் அறை வாசல்வரை வந்தேன். நீ கல்யாணத்துக்கு வாங்கின செருப்பைப் போட்டுக்கொண்டு, கடிக்கிறதா என்று அறைக்குள்ளேயே நடந்து பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "சத்தம் வருதாண்ணா?" என்று கேட்டாய். என்னால் முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். எனக்கு அப்போதுதான் இந்த ஊர் வேலை உறுதியாகியிருந்தது. அம்மாவுக்கு அப்போதே மூட்டுவலி. உனக்கு அடுத்த தெருவிலேயே மாப்பிள்ளை அமைந்தபோது, நான் நிம்மதியாகக் கிளம்பலாம் என்று நினைத்தேன். உனக்கு உண்மை தெரிந்தால் நீ கொஞ்சமாவது ஒதுங்கிவிடுவாயோ, சொந்த அப்பா அம்மா இல்லையே என்று தோன்றிவிடுமோ, அப்படி ஆனால் நான் போக முடியாமல் போகுமோ என்று பயந்தேன். அதனால்தான் அவர்களும் உன்னிடம் பேசாதபடி அந்தப் பொய்யைச் சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அண்ணியிடம்கூட.

நீ எனக்குத் தங்கை இல்லை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இதை நீ நம்ப வேண்டும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூலை 16

அண்ணா,

எண்களிடம் பொய் சொல்ல உனக்குக் கை வரவில்லை. என்னிடம் வந்திருக்கிறது. மீட்டர் பழுது, திரை பழுது, எல்லாவற்றுக்கும் மேல் என் கவனம் பழுது. என் கண்ணால் பார்த்ததையும் என் கையால் அளந்ததையும் நம்பாமல், நீ சொன்னாய் என்ற ஒரே காரணத்துக்காக நான்தான் தப்பு என்று இருட்டறையில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தேனே, அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

தத்து என்பதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நம்புவாயோ என்னவோ. ஒரு வாரம் அழுதேன். அப்புறம் அப்பா ஒருநாள் காலையில் வழக்கம்போல மாத்திரையைத் துப்பினார், நான் வழக்கம்போலச் சத்தம் போட்டேன், "பெத்த அம்மா மாதிரியே திட்டறா பாரு" என்று இவரிடம் புகார் சொன்னார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எங்களுக்குள் அது அவ்வளவில் தீர்ந்தது. இவரிடமும் சொல்லிவிட்டேன். "அதனால என்ன, மாமனாரை மாத்தணுமா?" என்றார்.

தீராதது உன் விஷயம்தான். இரத்த சம்பந்தம் என்று நினைத்துத்தான் நான் இவர்களைப் பார்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் கைகழுவிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாய். கூடவே வளர்ந்த நீ. சரி, உனக்கு இரத்தம் இருந்ததே, நீ என்ன பார்த்துக்கொண்டாய்? அம்மா படுக்கையில் கிடந்தபோது இரண்டு தடவை வந்தாய். இரண்டு தடவையும் உன் கையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருந்தது.

உன் மருமகனுக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. வண்டி ஓட்டுவதல்ல, வண்டிகளுக்கு நேரம் போடும் அலுவலகத்தில். வெளியூர். ஆகஸ்ட் கடைசியில் நானும் இவரும் போய் அவனுக்கு அறை பார்த்து, சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதாக இருக்கிறோம். அந்த நாட்களில் நீ வந்து அப்பாவோடு இரு. சாவி எதிர்வீட்டில் இருக்கும். மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைத்திருப்பேன், விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போட விடாதே. சாயங்காலம் தெருமுனைவரை நடக்க வேண்டும், கால் வலிக்கிறது என்பார், நம்பாதே.

அவரிடம் நீ பேச வேண்டியதைப் பேசிக்கொள். நான் திரும்பி வரும்போது நீ கிளம்பியிருக்க வேண்டும்.

என் சோதனை முடிவுகளை எடுத்துவிடாதே. அவற்றை நான் ஒழுங்காக அளந்திருக்கிறேன்.


செப்டம்பர் 9

அன்புள்ள தங்கைக்கு,

நீ சொன்னபடியே நீங்கள் வருவதற்கு முன் கிளம்பிவிட்டேன். சாவியை எதிர்வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாட்கள் அப்பா சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு பேசவில்லை. நான் கொடுத்த மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்கினார். ஒரு மாத்திரையைக்கூடத் துப்பவில்லை. உன்னிடம் செய்கிற விளையாட்டை என்னிடம் செய்யவில்லை என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. நடக்கும்போது என் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அப்புறம் ஒருநாள் நடந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார். "நீ சொன்னது பொய்யின்னு அவ சொல்லிட்டா. அது போகட்டும். அன்னைக்கு எங்கிட்ட வந்து சொல்லும்போது உனக்கு எப்படிடா கண்ணு கலங்குச்சு?"

நான் குனிந்து அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

கிளம்புகிற அன்று காலில் விழுந்தேன். தலையைத் தொட்டார். டிசம்பரில் லீவு இருக்கிறது, வருகிறேன் என்றேன். "வர்றதுன்னா அவகிட்டக் கேட்டுட்டு வா. இது அவ வீடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து ஊருக்குப் போகிறவனுக்கு வண்டி நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அதனால் கேட்கிறேன். டிசம்பரில் வரலாமா?

அண்ணன்


அக்டோபர் 4

அண்ணா,

அப்பா நன்றாக இருக்கிறார். சாயங்கால நடை தெருமுனையைத் தாண்டி இப்போது பூங்காவரை போகிறது.

டிசம்பரில் வர வேண்டாம்.

தங்கை